பார்வை இழந்தார்... படலங்களின் கணக்கைத் தந்தார்! அனிமேஷன் முன்னோடி ஜோசப் பிளாட்டோவின் கதை

கம்ப்யூட்டரில் முப்பரிமாண உருவங்கள் செய்து பார்க்கிற பழக்கம் உங்களுக்கு உண்டா? பிளெண்டர் மாதிரி ஒரு இலவச மென்பொருளை இறக்கிக்கொண்டு, மவுஸால் இழுத்து இழுத்து ஒரு கோப்பையோ நாற்காலியோ செய்வது ஒரு வழி. இன்னொரு வழியும் இருக்கிறது. மவுஸைத் தொடவே வேண்டாம். பைத்தான் மொழியில் இருபது, முப்பது வரிக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதுகிறீர்கள். அதில் ஒரு கணக்குச் சூத்திரம். ரன் பட்டனை அழுத்துகிற வரைக்கும் திரையில் ஒன்றுமே இருக்காது. அழுத்தியதும், உடுக்கை மாதிரி இடுப்பு சிறுத்த ஒரு வழவழப்பான வடிவம் வந்து நிற்கும். அதன் பெயர் கேட்டனாய்டு. அப்படியே 16 படங்களில் அதை மெல்ல முறுக்கிச் சுழல் படிக்கட்டு போல மாற்றி, அனிமேஷனாகவும் ஓட்டிப் பார்க்கலாம்.

இதில் இரண்டு விஷயங்கள் இருப்பதைக் கவனியுங்கள். ஒன்று, அசையும் படம். இன்னொன்று, கணக்கிலிருந்து பிறக்கும் வளைபரப்பு. இரண்டிலும் ஒரே மனிதரின் கைவண்ணம் இருக்கிறது. அவர் காலத்தில் கம்ப்யூட்டரும் கிடையாது, சினிமாவும் கிடையாது. இதையெல்லாம்விட ஆச்சர்யம், வளைபரப்புகள் பற்றிய அவருடைய பெரும்பாலான வேலையைச் செய்தபோது அவருக்குக் கண்பார்வையே கிடையாது.

அவர் பெயர் ஜோசப் பிளாட்டோ. கிரேக்கத் தத்துவ ஞானி பிளேட்டோவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இவர் பெல்ஜியத்துக்காரர், 19-ம் நூற்றாண்டு இயற்பியல் பேராசிரியர். 2019 அக்டோபர் 14 அன்று கூகுளைத் திறந்தவர்களுக்கு, முகப்பில் சுழலும் வட்டத் தட்டு ஒன்று வந்தது நினைவிருக்கலாம். அது இவருடைய 218-வது பிறந்தநாளுக்கான டூடுல்தான்.

ஓவியர் வீட்டுப் பிள்ளை

1801 அக்டோபர் 14. பிரஸ்ஸல்ஸ் நகரில் பிறந்தார் பிளாட்டோ. அப்போது பெல்ஜியம் என்ற தனி நாடே கிடையாது. பிரான்ஸின் ஆளுகையில் இருந்த பகுதி அது. பெல்ஜியம் சுதந்திர நாடானது 1830-ல்தான்.

அப்பா பூக்களை வரைவதில் பெயர் பெற்ற ஓவியர். மகனும் தன் வழியில் வரட்டும் என்று ஓவியப் பள்ளியில் சேர்த்துவிட்டார். ஆனால் பையனின் மனசு வேறு பக்கம் இருந்தது. சின்ன வயதில் பார்த்த அறிவியல் செய்முறைகள் அவரை அப்படியே ஈர்த்துவிட்டன. கிடைத்த பொருள்களை வைத்துத் தானே ஏதாவது செய்து பார்ப்பது அவருக்குப் பிடித்த விளையாட்டு.

14 வயதில் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. தாய்மாமன் பொறுப்பில் வளர்ந்தார். மாமா ஒரு வக்கீல். மருமகனும் சட்டம் படித்தால் பிழைத்துக்கொள்வான் என்பது அவர் கணக்கு. பெரியவர் சொல்லைத் தட்ட முடியாமல் லியேஜ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த பிளாட்டோ, சட்டப் படிப்போடு கூடவே கணிதம், இயற்பியல் வகுப்புகளையும் பிடித்துக்கொண்டார். செலவுக்குப் பணம் வேண்டுமே... படித்துக்கொண்டே கணக்கு வாத்தியாராகவும் வேலை பார்த்தார். நம் வீடுகளிலும் நடக்கிற கதைதான் இல்லையா?

1829-ல் டாக்டர் பட்டம். ஆய்வேடு மொத்தமே 27 பக்கம்தான். ஆனால் அதில் எடுத்துக்கொண்ட கேள்வி பெரிது. ஒரு பொருளைப் பார்க்கிறோம், அது கண்ணெதிரிலிருந்து மறைந்துவிடுகிறது. மறைந்த பிறகும் அதன் சாயல் கண்ணில் எவ்வளவு நேரம் தங்குகிறது? சிவப்புக்கு எவ்வளவு, நீலத்துக்கு எவ்வளவு? வேகமாகச் சுழலும் உருவம் ஏன் வேறு வடிவமாகத் தெரிகிறது? அதாவது அவருடைய முதல் காதல் கண்தான். பார்வை எப்படி வேலை செய்கிறது என்பதுதான்.

16 படங்கள், ஒரு கண்ணாடி

இந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டே போனவர், 1832 கடைசியில் ஒரு விளையாட்டுச் சாமானைக் கண்டுபிடித்தார். வட்டமான அட்டை. விளிம்பைச் சுற்றிச் சம இடைவெளியில் 16 சின்னக் கீற்றுகள். ஒவ்வொரு கீற்றுக்கும் கீழே ஒரு படம். 16 படங்களிலும் அதே நடனக்காரர்தான், ஆனால் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருப்பார். படம் கண்ணாடியைப் பார்க்கும்படி அட்டையைப் பிடித்துச் சுழற்றிவிட்டு, பின்பக்கத்திலிருந்து கீற்றுகள் வழியாகக் கண்ணாடியைப் பார்க்க வேண்டும். நடனக்காரர் சுற்றிச் சுற்றி ஆடுவார்!

கீற்று இல்லாமல் பார்த்தால் படங்கள் ஒன்றோடொன்று கலந்து மங்கலான வளையமாகத்தான் தெரியும். கீற்று ஒவ்வொரு படத்தையும் ஒரு கணம் மட்டும் காட்டிவிட்டு மறைக்கிறது. அடுத்த கணம் அதே இடத்தில் அடுத்த படம். இடையில் இருக்கிற இருட்டைக் கவனிக்காமல், தனித்தனிப் படங்களை ஒரே அசைவாகக் கோத்துக்கொள்கிறது நம் பார்வை. சினிமாவும் அனிமேஷனும் இன்றுவரை நிற்பது இந்த அடிப்படையில்தான்.

பெனாகிஸ்டிஸ்கோப் என்ற வாய்க்குள் நுழையாத பெயரில் இந்த அட்டை ஐரோப்பா முழுக்க விற்றது. அதே நேரத்தில் வியன்னாவில் சைமன் ஸ்டாம்ஃபர் என்பவரும் தனியாக இதே மாதிரி ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். இருவருமே ஒருவருக்கொருவர் தெரியாமல் செய்தது. லண்டனிலிருந்த மைக்கேல் ஃபாரடேயும் சுழலும் சக்கரங்களின் மாயத் தோற்றம் பற்றி எழுதியிருந்தார். அதில் சில விஷயங்களைத் தான் முன்பே வெளியிட்டிருப்பதைப் பிளாட்டோ சுட்டிக்காட்ட, ஃபாரடே அதைப் பெருந்தன்மையோடு ஏற்றுக்கொண்டார். அதன் பிறகு இருவருக்கும் நட்பு.

1835-ல் கென்ட் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர் வேலை. 1840-ல் கல்யாணம். மனைவி பெயர் ஃபானி கிளவரோ. அடுத்த வருஷம் மகன் ஃபெலிக்ஸ் பிறந்தான். வேலை, பெயர், குடும்பம் என எல்லாம் கூடிவந்த நேரம். அப்போதுதான் கண் கோளாறு செய்ய ஆரம்பித்தது.

சூரியனைப் பார்த்த 25 விநாடி

டாக்டர் பட்டம் வாங்கிய அதே 1829-ல் பிளாட்டோ ஒரு விபரீதமான சோதனை செய்திருந்தார். விழித்திரையில் ஒளியின் தாக்கம் எவ்வளவு நேரம் தங்குகிறது என்று தெரிந்துகொள்ள, வெறும் கண்ணால் 25 விநாடி சூரியனையே உற்றுப் பார்த்தார். சில நாள் பார்வை சரியில்லாமல் போய், பிறகு திரும்பி வந்தது. (தயவுசெய்து இதை யாரும் செய்து பார்க்க வேண்டாம். விழித்திரை வெந்தால் வெந்ததுதான்.)

1841 வாக்கில் பார்வை மங்கத் தொடங்கியது. 1843 முடிவதற்குள் முழுக்கப் போய்விட்டது. அப்போது அவருக்கு வயது 42. அந்தச் சூரியச் சோதனைதான் தன் கண்ணைப் பறித்தது என்று அவரே நம்பினார். பாடப்புத்தகங்களும் நீண்ட காலம் அப்படித்தான் சொல்லிவந்தன. பின்னாளில் அவருடைய நோய்க்குறிகளை ஆராய்ந்த கண் மருத்துவர்களின் கருத்து வேறு. கண்ணின் உட்பகுதியில் தொடர்ந்து வரும் அழற்சியான யுவியைட்டிஸ்தான் காரணமாக இருக்கும் என்கிறார்கள். நடுவில் 12 வருஷம் நன்றாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்!

காரணம் எதுவாகவும் இருக்கட்டும். பார்வையைப் பற்றியே ஆராய்ச்சி செய்தவருக்குப் பார்வை போய்விட்டது. கைக்குழந்தை வீட்டில். அந்தக் காலத்தில் பார்வையற்றவர்கள் படிக்க, எழுத இன்று இருக்கிற வசதிகளில் பெரும்பாலானவை கிடையாது. இதற்குப் பிறகு வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலும் யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். வேலையை விடவில்லை பிளாட்டோ. அதற்குப் பிறகு 40 வருஷம் உழைத்தார்.

எண்ணெய்த் துளியும் சோப்புத் தண்ணீரும்

பார்வை போவதற்குக் கொஞ்சம் முன்பே அவர் ஒரு புது விஷயத்தைத் தொட்டிருந்தார். தண்ணீரில் எண்ணெய் மிதக்கும், சாராயத்தில் மூழ்கும். இரண்டையும் சரியான அளவில் கலந்தால்? எண்ணெய் மிதக்கவும் செய்யாது, மூழ்கவும் செய்யாது. நடுவில் அப்படியே அந்தரத்தில் நிற்கும், அதுவும் கச்சிதமான உருண்டையாக! புவியீர்ப்பின் தொந்தரவு நீங்கியதும், திரவம் தன் மேற்பரப்பை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்துக்கொள்கிறது. ஒரு குறிப்பிட்ட கொள்ளளவுக்கு மிகக் குறைந்த மேற்பரப்பு கொண்ட வடிவம் உருண்டைதான். அந்த உருண்டைக்குள் ஒரு தண்டைச் செருகிச் சுழற்றியபோது அது தட்டையாகி, ஒரு கட்டத்தில் எண்ணெய் வளையமாகவே பிரிந்தது. சனிக் கிரகத்தையும் அதன் வளையத்தையும் கண்ணாடித் தொட்டிக்குள் பார்த்த மாதிரி!

அங்கிருந்து சோப்புப் படலத்துக்கு வந்தார். மெல்லிய இரும்புக் கம்பியை வளைத்து ஒரு சட்டம் செய்து, சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்தால், கம்பிகளுக்கு இடையே ஒரு படலம் நிற்கும். அந்தப் படலத்தில் இருப்பது பரப்பு இழுவிசை. இழுத்துக் கட்டிய ரப்பர் ஷீட் மாதிரி அது எப்போதும் சுருங்கப் பார்க்கும். கம்பி விட்டுக்கொடுக்காது. ஆகவே, அந்தக் கம்பிக்குள் முடிந்தவரை பரப்பளவைக் குறைத்துக்கொண்ட வடிவத்தில் வந்து நின்றுவிடும். இப்படிப்பட்ட வளைபரப்புகளைக் கணித உலகம் மினிமல் சர்ஃபேஸ் என்று அழைக்கிறது.

இந்தக் கேள்வி காகிதத்தில் ஏற்கெனவே இருந்தது. 1744-லேயே ஆய்லர் கேட்டனாய்டைக் கண்டுபிடித்துவிட்டார். இரண்டு முனைகளில் கட்டித் தொங்கவிட்ட சங்கிலி ஒரு வளைவாகத் தொங்கும் இல்லையா, அந்த வளைவை ஓர் அச்சைச் சுற்றிச் சுழற்றினால் கிடைப்பதுதான் கேட்டனாய்டு. 1776-ல் மெஸ்னியே என்ற பிரெஞ்சுக்காரர், சுழல் படிக்கட்டு வடிவமான ஹெலிகாய்டும் இதே இனம் என்று காட்டினார். எந்த விளிம்பைக் கொடுத்தாலும் அதற்குள் அடங்கும் மிகக் குறைந்த பரப்பைக் கண்டுபிடிப்பது எப்படி என்ற பொதுவான கேள்வியை 1760 வாக்கில் எழுப்பியவர் லக்ராஞ்ச். ஆனால் சமன்பாட்டைத் தீர்ப்பது மகா கஷ்டம். கைவிரல் விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் விடைகள் தெரிந்திருந்தன.

காகிதத்தில் தீர்க்க முடியாததைச் சோப்புத் தண்ணீர் ஒரு நொடியில் தீர்த்துவிடும் என்பதைக் காட்டியவர் பிளாட்டோ.

மற்றவர் கண்களால்

சரி, கண் தெரியாதவர் இதையெல்லாம் எப்படிச் செய்தார்?

சோதனை முழுவதும் அவர் மனதில் ஓடும். எந்தக் கம்பியை எந்த வடிவத்தில் வளைக்க வேண்டும், எப்படி முக்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்று அவர் சொல்வார். மனைவி, வளர்ந்த பிறகு மகன் ஃபெலிக்ஸ், மருமகன் வான் டெர் மென்ஸ்ப்ரூகே, கென்ட்டில் இருந்த சக பேராசிரியர்கள் எனக் கூட இருப்பவர்கள் செய்து பார்த்து, கண்ணில் தெரிவதைச் சொல்வார்கள். அவர் குறுக்குக் கேள்வி கேட்பார். படலங்கள் எங்கே சந்திக்கின்றன, எத்தனை சந்திக்கின்றன, சாய்வு எவ்வளவு? கேட்டதை மனதில் அடுக்கி, முடிவைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொள்வார்.

யோசித்துப் பாருங்கள். நீங்கள் பார்க்காத ஒரு வடிவத்தை, இன்னொருவர் வாயால் கேட்டு, மனதில் சரியாகக் கட்ட வேண்டும் என்றால் வர்ணனை போதாது. அழகாக இருக்கிறது, வளைந்து இருக்கிறது என்றெல்லாம் சொன்னால் ஒன்றும் நடக்காது. எண்ணிக்கை வேண்டும், கோணம் வேண்டும், எது எதோடு ஒட்டுகிறது என்ற விவரம் வேண்டும். பார்வை இழந்தவரின் ஆய்வு வடிவங்களை எண்ணாகவும் விதியாகவும் பிடித்து வைத்தது இப்படித்தான்.

சாதாரண சோப்புத் தண்ணீர்ப் படலம் சட்டென்று உடைந்துவிடும். ஒருவர் பார்த்துச் சொல்லி, இன்னொருவர் யோசிப்பதற்குள் போய்விட்டால் என்ன செய்வது? மார்செய் சோப்பையும் கிளிசரினையும் கலந்து ஒரு கரைசலைத் தயாரித்தார்கள். அதில் எடுத்த படலங்கள் மணிக்கணக்கில் நின்றன.

அப்படிக் கிடைத்தவைதான் இன்று அவர் பெயரால் வழங்கும் விதிகள். படலங்கள் ஒரு கோட்டில் சந்தித்தால் எப்போதும் மூன்று மூன்றாகத்தான் சந்திக்கும், ஒவ்வொன்றுக்கும் இடையே 120 டிகிரி. அந்தக் கோடுகள் ஒரு புள்ளியில் சந்தித்தால் நான்கு நான்காகத்தான் சந்திக்கும், இடைக் கோணம் ஏறக்குறைய 109.5 டிகிரி. ஐந்து கோடுகள் ஒரே புள்ளியில் கூடி நிலையாக நிற்கவே நிற்காது. பாத்திரம் தேய்க்கும்போது வரும் நுரையைக் கிட்டத்தில் பாருங்கள், இதே விதிதான்.

கனசதுரக் கம்பிச் சட்டத்தை முக்கி எடுத்தால் ஆறு பக்கத்திலும் படலம் ஒட்டி ஒரு பெட்டி மாதிரி வரும் என்றுதான் யாரும் நினைப்போம். வராது. 12 விளிம்புகளிலிருந்தும் 12 படலங்கள் உள்ளே போய், நடுவில் ஒரு குட்டிச் சதுரத்தில் சந்திக்கும். மொத்தம் 13 படலங்கள்.

1843 தொடங்கிக் கால் நூற்றாண்டுக்கு மேல் கட்டுரை கட்டுரையாக வெளியிட்டதை எல்லாம் தொகுத்து, 1873-ல் இரண்டு பாகங்களாகப் பெரிய நூல் ஒன்றைக் கொண்டுவந்தார். அந்த நூலின் பெரும்பகுதி அவர் கண் தெரியாத காலத்து வேலை. அதற்குப் பிறகும் ஓயவில்லை. பார்வை தொடர்பாக அதுவரை உலகில் வெளிவந்த ஆய்வுகளைத் திரட்டி, விளக்கக் குறிப்புகளோடு ஒரு நூற்பட்டியலை வெளியிட்டார். தான் இழந்ததைப் பற்றியே கடைசி வருஷங்களில் உட்கார்ந்து தொகுத்த மனிதரை என்னவென்று சொல்வது!

1883 செப்டம்பர் 15 அன்று கென்ட் நகரில் காலமானார். வயது 81.

கம்பி எது, விதி எது?

இப்போது பிளெண்டருக்கு வருவோம். ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் செய்வதும் கிட்டத்தட்ட பிளாட்டோ செய்ததுதான். வடிவத்தைப் பார்க்காமலே, அதை எண்ணாகவும் விதியாகவும் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர்தான் நமக்காகக் கம்பியை முக்கி எடுக்கிற உதவியாளர்.

முதல் வழி, சூத்திரம். கேட்டனாய்டுக்கு இது ரொம்ப எளிது. செங்குத்தாக ஓர் அச்சு. உயரம் மைனஸ் 1 முதல் பிளஸ் 1 வரை, 33 மட்டங்கள். ஒவ்வொரு மட்டத்திலும் ஒரு வட்டம், வட்டத்துக்கு 64 புள்ளிகள். வட்டத்தின் ஆரம் எவ்வளவு? அந்த உயரத்தின் காஷ் மதிப்பு. பைத்தானின் கணிதத் தொகுப்பில் அது தயாராகவே இருக்கிறது. நடு மட்டத்தில் ஆரம் 1, மேலேயும் கீழேயும் போகப் போக 1.54 வரை விரியும். மொத்தம் 2,112 புள்ளிகள். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளை நான்கு நான்காக இணைத்தால் 2,048 சின்னச் சின்ன நாற்கரங்கள். புள்ளிகளுக்கு ஒரு பட்டியல், நாற்கரங்களுக்கு ஒரு பட்டியல். இரண்டையும் மென்பொருளிடம் கொடுத்தால் மெஷ் ரெடி. அவ்வளவுதான்!

இங்கேதான் பிளாட்டோவின் அனுபவம் கைகொடுக்கிறது. அதே ஸ்கிரிப்ட்டில் உயரத்தை மைனஸ் 2 முதல் பிளஸ் 2 வரை என்று மாற்றிப் பாருங்கள். கம்ப்யூட்டர் எந்த ஆட்சேபமும் சொல்லாமல் வரைந்து கொடுக்கும். சமன்பாடும் சரிதான். ஆனால் நிஜ உலகத்தில் இரண்டு வளையங்களுக்கு நடுவே அந்த வடிவம் நிற்காது. அந்த அளவு ஒடுங்கிய இடுப்பு நிலையற்றது. லேசாக அசைந்தாலே படலம் ஒன்று தடித்த இடுப்புக்கு மாறிவிடும், இல்லையென்றால் நடுவில் அறுந்துவிடும்.

அறுந்துபோகும் எல்லையும் உண்டு. சம அளவுள்ள இரண்டு வளையங்களுக்கு இடையே படலம் பிடித்து, மெல்ல விலக்கிக்கொண்டே போனால், இடைவெளி விட்டத்தில் சுமார் 66 சதவிகிதத்தைத் தாண்டும்போது இடுப்பு சட்டென்று ஒடுங்கி அறுந்துவிடும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள வளையம் என்றால் 6.6 சென்டிமீட்டர்தான் எல்லை. சூத்திரம் மட்டும் தெரிந்தவர் வடிவத்தை வரைவார். சோப்பைத் தொட்டவருக்குத்தான் எது நிற்கும், எது நிற்காது என்று தெரியும்.

இரண்டாவது வழி இன்னும் சுவாரஸ்யம். இதில் சூத்திரமே வேண்டாம். விளிம்பை மட்டும் கொடுங்கள், அதுதான் கம்பி. அதற்குள் ஏதோ ஒரு கோணல்மாணலான மெஷ்ஷைப் போடுங்கள். விளிம்புப் புள்ளிகள் நகரக் கூடாது. மற்ற ஒவ்வொரு புள்ளியையும் மொத்தப் பரப்பளவு குறைகிற திசையில் துளித்துளியாக நகர்த்த வேண்டும். இதை நூற்றுக்கணக்கான தடவை திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லி ஸ்கிரிப்ட் எழுதினால், கோணல் மெஷ் மெல்ல மெல்ல இழுபட்டுச் சோப்புப் படலமாக மாறுவதைத் திரையிலேயே பார்க்கலாம். கம்பியும் விதியும் இருந்தால் போதும், வடிவம் தானாக வரும். கென்ட்டில் சோப்புத் தண்ணீர் செய்ததை இங்கே கணக்கு செய்கிறது. அமெரிக்கக் கணிதவியலாளர் கென் பிராக்கி இந்த வேலைக்கென்றே சர்ஃபேஸ் எவால்வர் என்ற மென்பொருளை உருவாக்கி இலவசமாகவே கொடுத்திருக்கிறார்.

அவர் விட்டுச்சென்றது

எந்த விளிம்பைக் கொடுத்தாலும் மிகக் குறைந்த பரப்பு ஒன்று கட்டாயம் இருக்குமா? லக்ராஞ்ச் எழுப்பிய இந்தக் கேள்விக்குக் கணித உலகம் வைத்த பெயர், பிளாட்டோ பிராப்ளம். 1930-31 வாக்கில் ஜெஸ்ஸி டக்ளஸ், டிபோர் ராடோ இருவரும் தனித்தனியாக விடை கண்டார்கள். கணிதத்தின் மிகப் பெரிய கௌரவமான ஃபீல்ட்ஸ் பதக்கம் 1936-ல் முதன்முதலாக இரண்டு பேருக்கு வழங்கப்பட்டது. அதில் ஒருவர் டக்ளஸ். 120 டிகிரி, 109.5 டிகிரி விதிகளுக்கு முழுமையான நிரூபணம் வர இன்னும் காலம் பிடித்தது. 1976-ல் ஜீன் டெய்லர் என்ற பெண் கணிதவியலாளர் அதைச் செய்தார். பிளாட்டோவின் நூல் வந்து 103 வருஷம் கழித்து!

1980-களில் பிரேசிலைச் சேர்ந்த செல்சோ கோஸ்டா ஒரு புதிய மினிமல் சர்ஃபேஸின் சமன்பாட்டைக் கண்டுபிடித்தார். ஆனால் அது தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறதா, இல்லையா என்று காகிதத்தில் தெரியவில்லை. அமெரிக்காவில் டேவிட் ஹாஃப்மன், வில்லியம் மீக்ஸ் என்ற இரண்டு பேராசிரியர்கள், ஜேம்ஸ் ஹாஃப்மன் என்ற புரோகிராமரின் உதவியோடு அதைக் கம்ப்யூட்டர் கிராஃபிக்ஸில் வரைந்து பார்த்தார்கள். திரையில் தெரிந்த சமச்சீர் அமைப்பு வழிகாட்ட, அது தன்னை வெட்டிக்கொள்ளவில்லை என்று நிரூபித்தார்கள். ஸ்கிரிப்ட் எழுதி வளைபரப்பை வரைவது வெறும் பொழுதுபோக்கு இல்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

கட்டடக்கலையும் பிளாட்டோவுக்குக் கடன்பட்டிருக்கிறது. 1972 மியூனிக் ஒலிம்பிக் மைதானத்தின் கூடாரம் போன்ற கூரையை நினைத்துப் பாருங்கள். அதன் வடிவமைப்பில் பங்கெடுத்த ஃப்ரை ஆட்டோ, சோப்புப் படலங்களை வைத்தே கூரை வடிவங்களைத் தேடியவர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கின் நீச்சல் அரங்கமான வாட்டர் கியூப், நுரை அமைப்பிலிருந்து பிறந்தது. 1990-களில் டெனிஸ் வேர், ராபர்ட் ஃபெலன் இருவரும் சர்ஃபேஸ் எவால்வர் மூலம் கண்டுபிடித்த நுரை அது.

திரைத்துறையும் மறக்கவில்லை. பெல்ஜியத்தில் பல வருஷங்கள் சினிமாவுக்கு வழங்கப்பட்ட விருதுக்கு ஜோசப் பிளாட்டோ விருது என்றுதான் பெயர்.

நீங்களும் செய்து பார்க்கலாம்

இந்த வார இறுதியில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியுமா? முதலில் கம்ப்யூட்டர் வேண்டாம். கட்டுக்கம்பியில் சம அளவில் இரண்டு வளையங்கள் செய்யுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தில் தண்ணீரும், மருந்துக் கடையில் கிடைக்கும் கிளிசரின் கொஞ்சமும் கலந்து, வளையங்களை ஒன்றாக முக்கி எடுத்து மெல்லப் பிரியுங்கள். நடுவே ஒரு வட்டத் தட்டு மாதிரி படலம் வந்தால் அதை விரலால் குத்தி உடைத்துவிடுங்கள். மிச்சம் நிற்பதுதான் கேட்டனாய்டு. இன்னும் விலக்குங்கள். எந்த இடத்தில் அறுகிறது என்று ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். வீட்டில் பிள்ளைகள் இருந்தால், ஒருவர் கண்ணை மூடிக்கொள்ள, இன்னொருவர் தெரிவதை வாயால் சொல்லட்டும். எவ்வளவு துல்லியமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது அப்போதுதான் புரியும்.

பிறகு கம்ப்யூட்டரைத் திறந்து அதே வடிவத்தை ஸ்கிரிப்ட்டில் எழுதுங்கள். கேட்டனாய்டுக்கும் ஹெலிகாய்டுக்கும் ஓர் அதிசயமான சொந்தம் உண்டு. கேட்டனாய்டை மேலிருந்து கீழாக ஒரு கோட்டில் வெட்டிவிட்டால், எங்கேயும் இழுக்காமல், சுருக்காமல், வளைத்தே ஹெலிகாய்டாக மாற்றிவிடலாம். வழியில் வரும் ஒவ்வொரு நிலையும் மினிமல் சர்ஃபேஸ்தான். சூத்திரத்தில் ஒரே ஒரு கோணத்தை மாற்றிக்கொண்டே போனால் போதும்.

அந்தக் கோணத்தைப் படிப்படியாக மாற்றி, போய்த் திரும்புவதற்கு மொத்தம் 16 படங்களாக எடுங்கள். அவற்றை வரிசையாக ஓட்டுங்கள். உடுக்கை விரிந்து சுழல் படிக்கட்டாகி, மறுபடியும் உடுக்கையாகும். 31 வயதில் அவர் செய்த 16 படத் தட்டும், பார்வை போன பிறகு அவர் ஆராய்ந்த படலமும் உங்கள் திரையில் ஒன்றாக ஓடும்.